வெளியே பூட்டிய வீடு

பகலில் தூங்குகிற வீட்டைப் பற்றி இரவில் தூங்குகிறவர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் காலையில் சூடாக ரொட்டி வேண்டும். ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நின்று அதைச் சுட்டவர்கள் எப்போது கண்ணை மூடுவார்கள் என்று கேட்டால், 'அட, ஆமாம்ல' என்பார்கள். சொல்லிவிட்டு மத்தியானம் போய்க் கதவைத் தட்டுவார்கள். பிறந்தநாள் கேக் சொல்ல, சில்லறை மாற்ற, ஒன்றுமில்லையென்றால் 'என்ன, தூக்கமா?' என்று விசாரிக்க.

நான் எதிர்வீட்டுத் தையல்காரன். அந்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டுத் திரை தைத்துக் கொடுத்தவன். வெளிச்சத்துக்குத் திரை சரி, காதுக்கு என்ன செய்வது? புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பஞ்சு வைத்துக்கொண்டு படுப்பார்கள். பேக்கரிக்காரருக்கு மாவுத் தூசியால் தீராத இருமல். அதற்கொரு மருந்து குடிப்பார். பஞ்சும் மருந்தும் சேர்ந்துவிட்டால் கூரை இடிந்து விழுந்தாலும் புரண்டு படுப்பாரே தவிர எழுந்திருக்க மாட்டார். கும்பகர்ணனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று தெருவே கேலி செய்யும்.

கதவு தட்டுகிறவர்களுக்கு வைத்தியம் கண்டுபிடித்தது பேக்கரி அக்காதான். தெரு முனையிலிருக்கும் கடையைப் பார்த்துக்கொள்வது மருமகள். மகன் விடியுமுன் வேனில் ரொட்டி ஏற்றிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் வருவான். பெரியவர்கள் இருவரும் உள்ளே படுத்ததும் மருமகள் முன்கதவுக்கு வெளியே ஒரு பெரிய பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குப் போய்விட வேண்டும். பூட்டின வீட்டை எந்தப் பைத்தியமும் தட்டாது என்பது அக்காவின் கணக்கு. கணக்கு பலித்தது. நாளடைவில் அந்த வீட்டில் பகலில் ஆள் இருப்பது தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியாமலே போயிற்று. அவசரமென்றால் பின்பக்கம் அடுப்புக் கொட்டகை வழியாகச் சந்துக்கு இறங்கலாம். ஆனால் மாவு லோடு வந்து இறங்கிய நாளில் மூட்டைகளை அந்தக் கதவை அடைத்துக் கூரை வரைக்கும் அடுக்கிவிடுவார்கள். வேறு இடம் கிடையாது. இதில் ஆபத்து இருக்கிறதென்று அவர்களுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

லோடு வந்த ஒரு மத்தியானம்தான் அவன் வந்தான். நல்ல வெயில். கொட்டகைத் தகரத்தை நெம்பி, மூட்டைகள் மேல் கால் வைத்து இறங்கியிருக்கிறான்.

வெயில் காலத்தில் புளிக்க வைத்த மாவு சொன்ன பேச்சு கேட்காது, சீக்கிரம் பொங்கிவிடும். நடுவில் ஒருமுறை எழுந்து அதை அமுக்கிவிட வேண்டும். அதற்காக அக்கா பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுச் சமையல்கட்டுக்குப் போயிருக்கிறாள். அமுக்கி, ஈரத்துணியால் மூடிவிட்டுத் திரும்பினால் தரையில் வெள்ளையாகக் காலடி. அவள் குனிந்து அமுக்கிய நேரத்தில் கொட்டகையிலிருந்து வந்து, சமையல்கட்டு வாசலைத் தாண்டி, படுக்கையறைக்குள் போயிருந்தது. செருப்பில்லாத கால், பெரிய கால். அவள் புருஷனின் கால் அதில் பாதிதான் இருக்கும். மாவு தேய்க்கும் கட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வீட்டில் வைத்திருக்கிற கட்டையில்லை, பேக்கரிக் கட்டை. முழங்கை நீளத்துக்கு இரண்டு மடங்கு, தூக்கினாலே தோள் சொல்லும். அதை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், ஒருவன் கட்டிலுக்கு மேல் குனிந்து நிற்கிறான். பீரோ சாவி தலையணைக்கடியில் இருந்தது. அவன் கை தலையணைக்குப் போகிறதா, கழுத்துக்குப் போகிறதா என்று அந்த இருட்டில் யாருக்குத் தெரியும்? அக்கா அடித்துவிட்டாள்.

தோளில் பட்டது. அவன் சுருண்டு விழுந்து எழுந்து ஓடினான். கொட்டகைப் பக்கம் அக்கா நின்றதால் வாசல் பக்கம் ஓடினான். அங்கே இன்னொரு அடி விழுந்தது. அந்த அடியில்தான் போனான்.

மெஷின் ஓடினால் எனக்கு எதுவும் காதில் விழாது. ஜன்னல் திரையை விலக்கி அக்கா கூப்பிட்டபோது நூல் மாற்றிக்கொண்டிருந்தேன், அதனால் கேட்டது. "தையல்காரரே, கடைக்கு ஓடிப்போய் மருமககிட்ட சாவி வாங்கிட்டு வாங்க. ஒரு ஆளு சாகக் கிடக்கறான்" என்றாள். ஓடினேன். மருமகளும் நானும் மூச்சிரைக்க வந்து பூட்டைத் திறந்தபோது, வாசலை ஒட்டி அவன் கிடந்தான். தலைக்கடியில் அக்காவின் துண்டு மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். உயிர் இல்லை. உள்ளே பேக்கரிக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.

போலீஸ் வந்தது, அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தது, ராத்திரிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள் நேராக அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். அன்றைக்கு ரொட்டி சரியாக உப்பவில்லை. அதையும் வாங்கித் தின்றோம், தின்றுகொண்டே பேசினோம்.

பேச்சென்றால் பேச்சு. இறந்தவன் ரயில் பாதைக்கு அந்தப்புறம் குடியிருந்த பெயின்டர் என்று தெரிந்தது. எங்கள் தெருவிலேயே சுவர் பூசியிருக்கிறான். அவன் வேலை பார்த்த நாளெல்லாம் அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியதைப் பார்த்திருப்பான். ஆனால் தெரு வாயில் அவன் பெயின்டராக இருந்தது ஒரு பொழுதுதான். மறுநாள் அவன் இடுப்பில் கத்தி வந்தது. அதற்கு மறுநாள் அவனோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். வாரக் கடைசியில் அவன் நாலு கொலை செய்தவன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மாடிவீட்டு வாத்தியார் மட்டும் வேறு பாட்டுப் பாடினார். அக்காவின் வீட்டுக்கே வந்து, ஆயிரம் இருந்தாலும் ஒரு உயிராச்சே அம்மா, போனால் போகிறதென்று பீரோவைத் திறந்து காட்டியிருக்கலாமே என்றார். அக்கா கிழங்கு அரிந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், என் புருஷன் தொண்டைக்கு ஒரு சாண் மேல ஒருத்தன் கை இருக்கு. அவன் பசிச்சு வந்தானா, கொல்ல வந்தானான்னு நான் பாய் விரிச்சு உக்கார வச்சு விசாரிக்கணுமா? பீரோவுல ஒண்ணுமில்ல, நாலு புடவை. அதை அவன் எடுத்துக்கட்டும். கட்டில்ல கிடந்தது என் ஆளு. உங்க வீட்டுல கிடந்தா நீங்க என்ன பண்ணுவீங்க, அதச் சொல்லுங்க."

வாத்தியார் தண்ணீர் கேட்டார். கொடுத்து அனுப்பினாள். தனக்கு வந்தால்தானே தெரியும் தலைவலி.

வாத்தியாரை வாயடைக்க வைத்தாளே என்று தெருவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வியாபாரிகள் சங்கம் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்தது. 'வீரத் தாய்' என்று பெரிதாக எழுதிய துணி ஒன்றை ஓரம் அடித்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். அக்கா எதிர்வீட்டிலிருந்து அதைப் பார்த்துவிட்டாள். வந்து, துணியைக் கையால் தடவிப் பார்த்தாள். நல்ல துணி, அடுப்புக் கரி துடைக்க ஆகும் என்று சொல்லி மடித்து எடுத்துக்கொண்டு போனாள். சங்கத் தலைவருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்த அம்மாவுக்குக் கூச்சம் என்றார் அவர். கூச்சமாம்.

கூச்சமில்லை என்பது வக்கீல் வந்த அன்று எனக்குத் தெரிந்தது. வக்கீல் மருமகளின் அண்ணன். கெட்டிக்காரப் பையன், தங்கை வீட்டுக்கு ஒன்றென்றால் துடிக்கிறவன். திரையைக் கழற்றித் துவைத்து மாட்டுவதற்காக நானும் அங்கே இருந்தேன். அவன் விஷயத்தைப் போட்டு உடைத்தான். முதல் அடியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். காயம் பின்மண்டையில் இருக்கிறது, அதுதான் சிக்கல். அதனால் இன்ஸ்பெக்டர் மறுபடியும் வீட்டுக்கு வந்து, இடத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பார்: வாசல் பக்கம் ஓடியவன் திரும்பினானா, திரும்பவில்லையா?

"திரும்பினான்னு சொன்னா போதும் அத்தை. கதவு வெளிய பூட்டியிருக்கு. திறக்கல. மாட்டிக்கிட்டவன் என்ன செய்வான்? உங்க மேல பாயத் திரும்புவான். நீங்க கட்டையை ஓங்கறீங்க, அவன் குனியறான், பின்னால பட்டுருது. கேஸ் அங்கயே முடிஞ்சிது."

"அவன் திரும்பல தம்பி" என்றாள் அக்கா.

அவளே சொன்னாள். அவன் கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். முதுகு இவள் பக்கம். உள்ளே ஆளிருக்க வெளியே பூட்டியிருக்கும் என்று அவன் நினைக்கவில்லை, இவளுக்குத் தெரியும். இவ்வளவு செய்துவிட்டு ஓடவா பார்க்கிறாய் என்று ஒரு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. அடித்தாள். மருமகள்தான் அழுதாள். பூட்டினவள் நான்தானே, நான்தானே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா அவளை அதட்டினாள். பூட்டச் சொன்னது யார், போய் முகத்தைக் கழுவு என்றாள்.

பேக்கரிக்காரர் பாவம். மனிதர் தூங்கிப்போனதற்கு அன்றிலிருந்து தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தார். மருந்தை நிறுத்திவிட்டார், பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டார், பகலெல்லாம் இருமிக்கொண்டு விழித்திருந்தார். அவர் மனைவியின் காலடியில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தைதானேம்மா. சொல்லிடேன். நீ உள்ள போயிட்டா எனக்குப் பிசையத்தான் தெரியும், பதம் தெரியாது."

அக்கா அவர் தலையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள். அன்றைக்கு மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். நானாக இருந்தால் கத்தியையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

அந்த வாரத்தில் இரண்டு காரியம் நடந்தது. முதலாவது, இரும்புக் கடைக்காரர் செய்த கூத்து. அவர் வீட்டுக்குக் கரண்ட் மீட்டர் பார்க்க வந்த ஆள், தட்டிப் பார்த்துவிட்டு யாரும் வராததால் பக்கச் சந்து வழியாக உள்ளே போயிருக்கிறான். எப்போதும் அப்படித்தான் போவான். இவர் கடைக் குழாயை எடுத்து விளாசிவிட்டார். அவனுக்குக் கை ஒடிந்தது. மண்டையில் விழுந்திருந்தால் அதுவும் ஒரு சாவு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு இரும்புக் கடைக்காரர் பேக்கரிக்கே வந்து, நாலு பேர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லாம் அக்கா காட்டின வழிதான் என்றார். அக்கா அவர் கேட்ட ரொட்டியைக் கொடுக்கவில்லை. ரொட்டி தீர்ந்துவிட்டது என்றாள். தட்டு நிறைய ரொட்டி இருந்தது.

இரண்டாவது, பெயின்டரின் மனைவி வந்தாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற பெண். நானும் அப்போது கடையில் இருந்தேன். கூட்டம் வடிகிற வரைக்கும் அவள் ஓரமாக நின்றிருந்தாள். ரொட்டி வாங்கத்தான் நிற்கிறாள் என்று நினைத்து மருமகள் என்ன வேண்டும் என்று கேட்டாள். அவள் அக்காவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நான் சண்டை போட வரல. அவரு திருட வந்தது தப்புதான், நான் மூடி மறைக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்கள வெட்ட வந்தாரா? ஊரே சொல்லுது. என் பொண்ண பள்ளிக்கூடத்துல கொலைகாரன் பொண்ணுன்னு பக்கத்துல உக்கார விட மாட்டேங்கறாங்க. அவரு கோழி அறுத்தா வேற பக்கம் பாத்துக்குவாரு."

மருமகள் அவசரமாக, கேஸ் நடக்கிறது, எதுவும் பேசக் கூடாது, போ என்றாள். அக்கா துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகும் அக்கா வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, வந்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தது ஒரு சாயங்காலம். தெரு மொத்தமும் வாசலில் கூடிவிட்டது. சங்கத் தலைவர் முன்வரிசையில் நின்றார். பெயின்டரின் மனைவியும் வந்திருந்தாள். அவளைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட்டு எல்லோரும் நின்றார்கள். உள்ளே வக்கீல், மகன், மருமகள், பேக்கரிக்காரர். சாவி வாங்க ஓடினவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். அக்காவை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கொட்டகை, சமையல்கட்டு, கட்டில் எல்லாம் பார்த்துக்கொண்டு முன்கதவுக்கு வந்தார். பதிலை எடுத்து அவரே கையில் கொடுப்பதுபோலக் கேட்டார்.

"கதவு திறக்கலைன்னதும் அவன் உங்க பக்கம் திரும்பினான், இல்லையாம்மா?"

பேக்கரிக்காரர் இருமலை அடக்கிக்கொண்டு அவளையே பார்த்தார்.

"திரும்பல சார்."

வக்கீல் குறுக்கே புகுந்து, பயத்தில் அவர்களுக்கு நினைவு சரியாக இல்லை என்றான். அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதவருகே நிறுத்தினாள். அவனுடைய இரண்டு கைகளையும் எடுத்துக் கைப்பிடியில் வைத்தாள்.

"இப்படித்தான் நின்னான். ரெண்டு கையும் இதுலதான் இருந்திச்சு. கத்தியும் கிடையாது, கபடாவும் கிடையாது. நான் இங்க நின்னேன். விழுந்த பிறகு 'வெளிய பூட்டா?'ன்னு கேட்டான். ஆமான்னேன். 'ஆள் இல்லன்னு நெனச்சேன்'னான். தண்ணி குடுத்தேன், ஒரு வாய் குடிச்சான்."

வக்கீலுக்குக் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கத் தோன்றவில்லை. அப்படியே நின்றான். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"அம்மா, நான் கேக்கற விதத்துலயே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். இந்த ஒரு வார்த்தைலதான் எல்லாம் இருக்கு. நிதானமா யோசிச்சு இன்னொரு தரம் சொல்லுங்க."

"எத்தன தரம் கேட்டாலும் அதான் சார். நான் ரெண்டு அடி அடிச்சேன். மொத அடி என் புருஷனுக்காக. அது தப்புன்னு நீங்க சொன்னாலும் சரி, ஜட்ஜு சொன்னாலும் சரி, நான் ஒத்துக்க மாட்டேன். நாளைக்கே இன்னொருத்தன் அந்தக் கட்டில்கிட்ட வந்து நின்னாலும் அடிப்பேன். ரெண்டாவது அடி யாருக்காகவும் இல்ல. என் கோவத்துக்கு அடிச்சேன். அதையும் இதையும் ஒண்ணாப் பிசைஞ்சு வீரம்னு சுட்டுக் குடுக்கச் சொல்றாங்க. என்னால ஆகாது."

வாசலிலிருந்து சங்கத் தலைவர், நாங்கள் அத்தனை பேரும் அக்காவுக்குச் சாட்சி சொல்வோம், ஒன்றும் பயப்படாதீர்கள் என்று குரல் கொடுத்தார். அக்கா வெளியே வந்தாள்.

"என்னத்தப் பாத்தீங்க நீங்க? அன்னிக்கு வெளிய நின்னு பூட்டைத்தானே பாத்தீங்க. கை ஒடிஞ்சவன் வீட்டுக்குப் போய்ச் சாட்சி சொல்லுங்க, போங்க."

இரும்புக் கடைக்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகன் அம்மாவின் தோளைப் பிடித்தான். அவள் அவனிடம், ராத்திரிக்கு மாவு ஊறியாகிவிட்டது, அப்பாவைப் பிசைய விடு, விரலால் அமுக்கினால் மெல்ல எழும்பி வர வேண்டும், அதுதான் பதம், நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொள் என்றாள். பேக்கரிக்காரர் தேம்பினார். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளால் நடந்திருக்க முடியாது, எனக்கே அவரைப் பார்க்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் காட்டினார். அவளை யாரும் பிடிக்கவில்லை, அவளாகவே நடந்தாள். நேராக ஜீப்புக்குப் போகாமல், எல்லோரும் இடம் விட்டு நின்ற அந்தப் பெண்ணிடம் போனாள். பெயின்டரின் மனைவி ஒரு அடி பின்வாங்கினாள்.

"அன்னிக்கு நீ கேட்டதுக்குப் பதில் சொல்லாம இருந்துட்டேன். உன் புருஷன் என் வீட்டுக்குள்ள வந்ததுக்கு நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்க மாட்டேன். ஓடறவன அடிச்சதுக்குக் கேட்டாலும் அது உனக்குச் சோறு போடாது. உன் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லு. அவ அப்பன் திருடத்தான் வந்தான். கொல்ல வரல. கொன்னது நான்."

அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அக்கா கூட்டத்தின் பக்கம் திரும்பி, வழியை விடுங்கள் என்றாள். விட்டோம்.